சங்கின் வாயைப் படிப்பது எப்படி: நத்தை, சோழி, சங்கு ஓடுகளின் திறப்புக்கு முழுமையான வழிகாட்டி

கடற்கரையில் ஓடு பொறுக்கும் எவரும் முதலில் நிறத்தைப் பார்ப்பார், அடுத்து அளவை. இரண்டையும் நம்பி இனம் சொல்லிவிட முடியாது. வெயிலிலும் அலையிலும் கிடந்த ஓட்டில் நிறம் வெளுத்திருக்கும். அளவோ வயதுக்கு ஏற்ப மாறும். ஓட்டைக் கையில் எடுத்ததும் வாயைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த உயிர் எந்த மாதிரி இடத்தில் வாழ்ந்தது, தண்ணீரை எப்படி உள்ளே இழுத்தது, நண்டிடமிருந்து எப்படித் தப்பித்தது, வளர்ந்து முடித்ததா இல்லை பாதியில் செத்ததா என்பதெல்லாம் அந்தத் திறப்பின் ஓரத்தில் பதிந்திருக்கும்.

நத்தையின் ஓடு எல்லாப் பக்கமும் சேர்ந்து வளர்வதில்லை. உடலைப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்ற தோலின் ஓரம், வாயின் விளிம்பில் மட்டும் புதிதாகக் கால்சியம் கார்பனேட்டைச் சேர்க்கிறது. சுவர் எழுப்பும் கொத்தனார் கடைசி வரிசையின் மேல்தான் அடுத்த செங்கலை வைக்க முடியும்; இங்கேயும் அதே கதைதான். உள்பக்கமிருந்து ஓட்டைத் தடிப்பாக்கிக்கொள்ளலாம், ஆனால் நீளம் கூடுவது விளிம்பில் மட்டுமே. ஆகவே ஓட்டின் முதுகில் தெரியும் ஒவ்வொரு கோடும், முள்ளும், புடைப்பும் ஒரு காலத்தில் உதடாக, அதாவது வாயின் விளிம்பாக, இருந்தவை. மேல் சுற்றுகளைப் பழைய வாய்களின் வரிசையாகப் பார்க்கக் கற்றுக்கொண்டால் கீழே வரும் படிகள் தானாகப் பிடிபடும்.

தேவையான பொருட்கள்

10 மடங்கு பெரிதாகக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்று. நகைப் பட்டறையில் கண்ணில் செருகிப் பார்ப்பதே போதும். 0.1 மி.மீ. வரை அளக்கும் வெர்னியர் காலிப்பர், சின்ன பென் டார்ச், பழைய டூத் பிரஷ், பல் குத்தும் குச்சி, ஒரு கண்ணாடித் துண்டு. ஒரு தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்கு உலர்ந்த மணல் வேண்டும். ஓட்டை எந்தக் கோணத்தில் குத்தினாலும் மணல் பிடித்துக்கொள்ளும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

படி 1: உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

வாயைத் தொடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். மூடி உள்வாங்கி அடைத்திருந்தால் உயிருள்ள நத்தை. எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கொடுக்கும் கால்களும் தெரிந்தால் துறவி நண்டு குடியேறியிருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள். துறவி நண்டு காலி செய்துபோன ஓட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அது இழுத்துத் தேய்த்த தடம் உள் உதட்டில் மழமழவென்று தெரியும், வாய்க்குள் சுவரில் பாசி விலங்குகளின் வெள்ளைப் படிவம் ஏறியிருக்கும். உயிருள்ள நத்தை தன் வாய்க்குள் இப்படி எதையும் ஒட்ட விடாது. இந்தத் தேய்மானத்தை இனத்தின் அடையாளம் என்று குறித்துவைத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

மேல் அகலம், கீழ்க் குறுகல், நீளமான கீற்று வாய் என்று இருந்தால் அது கூம்பு நத்தை. உயிரோடு இருந்தால் தொடவே கூடாது. வாயின் குறுகிய முனையிலிருந்து நீளும் துதிக்கையின் நுனியில் நஞ்சு ஏற்றிய ஈட்டிப் பல் இருக்கிறது. அகன்ற முனையில் பிடித்தால் பயமில்லை என்று பலர் சொல்வார்கள். துதிக்கை வளைந்து எட்டும், எந்த முனையும் பத்திரமில்லை. துணியில் நெய்த மாதிரி வலைக்கோலம் கொண்ட கோனஸ் டெக்ஸ்டைல் நம் கடலிலும் உண்டு. கோனஸ் ஜியோகிராஃபஸ் மனித உயிரைப் பறித்திருக்கிறது.

தோட்டத்தில் திரியும் ஆப்பிரிக்கப் பெருநத்தையைக் கையுறை போட்டே எடுங்கள். மூளைக் காய்ச்சலை உண்டாக்கும் எலி நுரையீரல் புழுவை இந்த நத்தை சுமக்கக்கூடும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் காலி ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. கணவாயின் உறவினமான நாட்டிலஸ், டிரைட்டன் எக்காளச் சங்கு, கொம்புள்ள தலைக்கவசச் சங்கு, ராட்சத மட்டிகள் ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருப்பவை. கடையில் விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

படி 2: சுத்தம் செய்வது, அமிலம் இல்லாமல்

காலி ஓட்டை ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள், இடையில் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு பிரஷ்ஷால் உதட்டின் போக்கிலேயே தேய்த்து, மடிப்புகளுக்கு நடுவில் உள்ள மண்ணைக் குச்சியால் எடுங்கள். ஊசியும் கத்தியும் வேண்டாம். உதட்டுப் பல்லைக் கீறிவிடும்.

வினிகர், எலுமிச்சை, கழிவறை கழுவும் அமிலம் மூன்றும் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். முதலில் போவது வாயின் விளிம்பும் அதன் மெல்லிய பற்களும்தான். சுற்றுலாத் தலங்களில் பளபளவென்று விற்கும் ஓடுகளில் பல இப்படி அமிலத்தில் முக்கி எடுத்தவை. அவற்றின் உதட்டைத் தடவினால் கண்ணாடிபோல வழுக்கும், வளர்ச்சிக் கோடு ஒன்றும் இருக்காது. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், படிக்க உதவாது.

படி 3: நிறுத்தும் முறை, சுருளும் பக்கம்

சுருள் தொடங்கும் நுனி மேலே, வாய் உங்களைப் பார்த்து. உலகெங்கும் நத்தை ஆய்வாளர்கள் ஓட்டை இப்படித்தான் பிடிக்கிறார்கள். இப்படிப் பிடித்தபோது வாய் உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் அது வலச்சுருள், இடக்கைப் பக்கம் இருந்தால் இடச்சுருள். நத்தை இனங்களில் மிகப் பெரும்பாலானவை வலச்சுருள்.

பழக ஊருக்குள்ளேயே நல்ல இடம் இருக்கிறது. சாக்கடையோரத்திலும் குட்டையிலும் கிடைக்கும் மெல்லிய, 1 செ.மீ. அளவு ஓடுகளை எடுத்துப் பாருங்கள். லிம்னியா வகை நத்தைக்கு வாய் வலப்பக்கம். அதோடு சேர்ந்தே வாழும் பைசா வகைக்கு இடப்பக்கம். அளவும் நிறமும் ஏறத்தாழ ஒன்றுதான், வாய்ப் பக்கம் ஒன்றே பிரித்துக் காட்டிவிடும். லிம்னியாவில் அபூர்வமாக இடச்சுருளும் பிறக்கும். இதில் ஒரு விசித்திரம்: குட்டியின் சுருள் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது அதன் சொந்த மரபணு அல்ல, தாயின் மரபணு. 1923லேயே இதற்கு விளக்கம் வந்துவிட்டது.

இனி நம் ஊர்க் குழப்பத்துக்கு வருவோம். நம் மரபில் சங்கை நீர் வார்க்கும் முனை மேலே இருக்குமாறு, அதாவது நுனி கீழே இருக்குமாறு பிடித்துப் பார்க்கிறோம். அப்படித் தலைகீழாகப் பிடித்தால் பக்கம் மாறிவிடும். ஆய்வாளர் வலச்சுருள் என்று எழுதும் சாதாரணச் சங்கே நமக்கு இடம்புரி. நாம் வலம்புரி என்று போற்றும் அபூர்வச் சங்கு அறிவியலில் இடச்சுருள். இரண்டுமே சரி, பிடிக்கும் முறைதான் வேறு. குறிப்பு எழுதும்போது எந்த முறையில் பார்த்தீர்கள் என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் பின்னால் தகராறு வராது.

இணையத்தில் படம் பார்த்து வலம்புரியா என்று முடிவு செய்யாதீர்கள். செல்போனின் முன்பக்கக் கேமரா படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிச் சேமித்திருக்கலாம். எந்தச் சாதாரணச் சங்கும் ஒரு சொடுக்கில் வலம்புரி ஆகிவிடும். படத்துக்குள் ஏதாவது எழுத்து தெரிகிறதா, அது நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: வாயின் தளத்தைப் பாருங்கள்

ஓட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் வாய் கீழாகக் கவிழ்த்து வைத்து, கண்ணாடியை உயர்த்திக் கீழிருந்து பாருங்கள். பலரும் தாண்டிப் போகும் படி இது. உதடு முழுவதும் சுற்றிலும் கண்ணாடியைத் தொடுகிறதா, இல்லை ஓர் ஓரமும் உடலின் வயிற்றுப் பகுதியும் மட்டும் தொடுகின்றனவா?

முழுவதும் தொட்டால் அந்த நத்தை தன்னைத் தரையோடு இறுக்கிக்கொள்ளக்கூடியது. பாறை ஒட்டும் லிம்பெட் இதன் உச்சம். அதற்குச் சுருளே கிடையாது, ஓடு முழுக்க வாய்தான். நெரிட்டா, ட்ரோக்கஸ் என்ற நத்தைகளும் ஏறத்தாழ இப்படியே. அலை மோதும் பாறையில் வாழ இது வேண்டும். டர்ரிட்டெல்லா போன்ற நீண்ட ஊசிக்கூம்புகள் இந்தச் சோதனையில் தோற்கும். அவை சேற்றிலும் மணலிலும் படுத்துக் கிடப்பவை, இறுக்கிப் பிடிக்க அங்கே பாறை ஏது?

படி 5: வெளி உதடு

மெல்லியதா, தடித்ததா? கத்தி முனைபோல மெல்லியதாக, விரல் பட்டாலே உடையும்படி இருந்தால் அது வளர்ந்துகொண்டிருந்த குட்டி. தடித்தோ, வெளிப்பக்கம் விரிந்தோ, உள்பக்கம் சுருண்டோ இருந்தால் வளர்ச்சியை முடித்த பெரியது. எல்லா இனத்துக்கும் இந்த விதி பொருந்தாது. டர்போ, ட்ரோக்கஸ் போன்றவை வாழ்நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே இருக்கும். சோழி, ஐவிரல் சங்கு போன்றவற்றில் உதட்டைப் பார்த்தே பருவம் சொல்லிவிடலாம்.

சோழி நல்ல பாடம். தாயத்துக்கு உருட்டும் சோழியின் வாய் நமக்குத் தெரியும்: இருபுறமும் பல் வைத்த ஒரு கீற்று. குட்டிச் சோழி அப்படி இருக்காது. ஓடு காகிதம்போல மெலிந்து, மேலே சின்னச் சுருள் நீட்டிக்கொண்டு, வாய் அகலமாகத் திறந்து, பல்லே இல்லாமல் இருக்கும். கையில் கொடுத்தால் சோழி என்று நம்ப மாட்டீர்கள். பருவம் வந்ததும் வெளி உதடு உள்நோக்கி மடங்குகிறது, வாய் குறுகுகிறது, பற்கள் முளைக்கின்றன, சுருள் நுனி பூச்சுக்குள் மூழ்குகிறது. அதன் பிறகு ஓடு நீளாது, தடிப்பது மட்டும் நடக்கும். ஒரே இனத்தில் பெரிய குட்டியும் சின்னப் பெரியதும் இருப்பது இதனால்தான். ஐவிரல் சங்கின் குட்டிக்கும் விரல்கள் கிடையாது. கூம்பு நத்தை என்று தவறாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

புடைப்பு வரிசை உண்டா? முள்ளுச் சங்குகளில் வளர்ச்சி விட்டு விட்டு நடக்கிறது. சிறிது வளர்ந்து, நின்று, உதட்டைத் தடிப்பாக்கி முள் வைத்து, மறுபடி வளர்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு புடைப்பாக முதுகில் நிற்கும். நுனியை நேராக மேலிருந்து பார்த்து ஒரு சுற்றுக்கு எத்தனை புடைப்பு என்று எண்ணுங்கள். சிகோரியஸ் என்ற முள்ளுச் சங்கு இனங்களில் 3, அதாவது 120 பாகைக்கு ஒன்று. தவளைச் சங்குகளில் 2. ஒன்றின் கீழ் ஒன்றாக இருபுறமும் நேர்கோட்டில் இறங்கும். இந்த எண்ணிக்கை ஒன்றே குடும்பத்தைப் பிரித்துவிடும்.

ஒட்டுப்போட்ட தழும்பு உண்டா? உதட்டுக்கு இணையாகப் போகும் வளர்ச்சிக் கோடுகளைத் திடீரென்று குறுக்கே வெட்டிக்கொண்டு கோணல்மாணலாக ஒரு கோடு போனால், அங்கே ஒரு முறை உதடு உடைந்து மேன்டில் அதைச் சரிசெய்திருக்கிறது. பெரும்பாலும் நண்டின் வேலை. கலாப்பா என்ற பெட்டி நண்டுக்கு வலக் கொடுக்கில் ஒரு பெரிய பல் உண்டு; அதை வாயின் விளிம்பில் கொடுத்து, டின் திறப்பானைப் போல உதட்டைச் சிறிது சிறிதாக நெரித்துக்கொண்டே உள்ளே போகும். கருவி வலச்சுருளுக்கு ஏற்ற கருவி. இடச்சுருள் ஓட்டைத் திறக்க அது திணறும்.

ஓட்டின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு துளை இருந்தால் அதை வாயோடு சேர்த்து எழுதாதீர்கள். துளையிட்டுத் தின்னும் நத்தை போட்டது அது. வெளிப்பக்கம் அகன்று உள்ளே சரிந்த துளை என்றால் நிலா நத்தை. சுவர் நேராக இறங்கினால் பெரும்பாலும் முள்ளுச் சங்கு வகை.

படி 6: இரண்டு முனைகள்

வாயின் கீழ்முனையில் விரலை ஓட்டுங்கள். விளிம்பு இடைவெளியில்லாமல் வட்டமாகத் தொடர்கிறதா, இல்லை ஒரு வெட்டோ குழாயோ இருக்கிறதா?

இடைவெளியில்லாத முழு வாய் டர்போ, ட்ரோக்கஸ், நெரிட்டா, வயல் நத்தை, பெரும்பாலான நில நத்தைகளுக்கு. வெட்டோ குழாயோ இருந்தால் அது நீர்க்குழல் போகும் வழி. மேன்டிலின் ஓரம் குழலாகச் சுருண்டு இந்த வழியே நீண்டு, முன்னே இருக்கும் தண்ணீரை மட்டும் உறிஞ்சி உள்ளே அனுப்பும். செவுளுக்குப் போகும் முன் அந்தத் தண்ணீரை ஓர் உறுப்பு மோப்பம் பிடித்துவிடும். குழலைத் திருப்பித் திருப்பி வாசம் வரும் திசையைக் கண்டுபிடித்து இரையை நோக்கி நகரலாம். மணலுக்குள் புதைந்தபடியே குழலை மட்டும் வெளியே நீட்டி மூச்சும் விடலாம்.

குழல் இருந்தால் ஊனுண்ணி, இல்லாவிட்டால் தாவரவுண்ணி என்று பாடப்புத்தகம் சொல்லும் விதி முதல் கணிப்புக்குச் சரி. முழு வாய் கொண்ட நிலா நத்தை மட்டியைத் துளைத்துத் தின்னும் கொடிய வேட்டைக்காரன்; குழல் வெட்டுள்ள ஐவிரல் சங்கு பாசி மேய்கிறது. வயல் நத்தை பைலா சதையாலேயே குழல் செய்து நீட்டிக் காற்றை இழுக்கும், ஓட்டில் அதற்குத் தடமே இருக்காது. ஆகவே உணவைப் பற்றி முடிவு செய்ய மூடி, பல் என்று மற்றதையும் பார்த்தாக வேண்டும்.

ஐவிரல் சங்கும் அதன் உறவினங்களும் இன்னொரு வெட்டு வைத்திருக்கின்றன. வெளி உதட்டில், குழல் வெட்டுக்குச் சற்று மேலே ஒரு வளைவு. உடைசல் என்று எண்ணிவிடாதீர்கள். வலக்கண் எட்டிப்பார்க்கும் ஜன்னல் அது. இடக்கண் குழல் வெட்டு வழியாகப் பார்க்கும்.

மேல்முனைக்கு வாருங்கள். அங்கே சிறு பள்ளம் இருந்தால் அது கழிவுநீர் போகும் வழி. நத்தையின் உடல் கருப்பருவத்தில் 180 பாகை முறுக்கிக்கொள்வதால் குதம் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. உள்ளே வரும் தண்ணீரோடு கழிவு கலக்காமல் பார்த்துக்கொள்ள ஒவ்வோர் இனமும் ஒரு வழி கண்டிருக்கிறது. டர்ரிட் நத்தைகளுக்கு வெளி உதட்டின் மேற்பகுதியில் ஆழமான வெட்டு. காது வடிவ ஓடு கொண்ட ஏபலோனுக்கு ஓட்டின் ஓரமாகத் துளை வரிசை. வளர வளர முன்னே புதுத் துளை திறக்கும், பின்னே பழையது அடைபடும். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சிறிய ஏபலோனான ஹாலியோட்டிஸ் வேரியாவில் திறந்திருப்பவை பொதுவாக 4 அல்லது 5. எண்ணும்போது அடைபட்டதைச் சேர்த்துவிடாதீர்கள். உள்ளிருந்து டார்ச் அடித்தால் எது திறந்தது என்று தெரிந்துவிடும்.

படி 7: உள் உதடும் நடுத்தண்டும்

வாயின் உள்பக்க ஓரம், ஓட்டின் அச்சாக நிற்கும் நடுத்தண்டோடு சேர்கிற இடம் இது. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, நிழல் விழும்படி பாருங்கள். நேர் வெளிச்சத்தில் மடிப்புகள் தெரியாது.

நம் சங்கை, டர்பினெல்லா பைரத்தை, எடுத்துக்கொள்வோம். ஓடு கனமானது, பீங்கான்போல வெண்மையானது. உயிரோடு இருந்தபோது மேலே பழுப்புத் தோல் போர்த்தியிருக்கும். வாய்க்குள் லேசான செம்மஞ்சள் சாயல் இருக்கலாம். நடுத்தண்டின் நடுப்பகுதியில் குறுக்காக, ஒன்றன் கீழ் ஒன்றாக, 3 அல்லது 4 தடித்த மடிப்புகள். நகத்தால் மேலிருந்து கீழே இழுத்தால் ஒவ்வொன்றும் தட்டும். இந்த மடிப்புகள் மேலே நுனிவரை தண்டைச் சுற்றிக்கொண்டே போகின்றன. உடலை உள்ளே இழுக்கும் தசை இந்தத் தண்டில்தான் பற்றியிருக்கிறது.

வலம்புரி என்று விற்கும் பொருளைச் சோதிக்க இதைவிட உறுதியான இடம் கிடையாது. அமெரிக்காவின் அட்லாண்டிக், மெக்சிகோ வளைகுடாக் கரைகளில் சினிஸ்ட்ரோஃபல்கர் என்ற சங்கு உண்டு. அது இயல்பாகவே இடச்சுருள். அங்கே சாதாரணமாகக் கிடைக்கும். இறக்குமதி செய்து வலம்புரி என்று விற்றுவிடுகிறார்கள். வாயைத் திருப்பி நடுத்தண்டைப் பாருங்கள். தடித்த மடிப்புகள் 3 அல்லது 4 இல்லாமல் தண்டு வழவழவென்று இறங்கினால் அது அமெரிக்கச் சரக்கு. அதன் தோளில் முடிச்சுகளும் கீழே மெலிந்து நீண்ட குழாயும் இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கேற்ற கனம் இருக்காது. பளிங்குத்தூளும் பிசினும் கலந்து வார்த்ததும் உண்டு. அதில் மடிப்பு இருக்கும், ஆனால் உதட்டோரத்தில் வளர்ச்சிக் கோடு இருக்காது; கைக்கண்ணாடியில் காற்றுக் குமிழி தெரியும்.

காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கும், கேட்டால் அசல் என்பதை நம்பவேண்டாம். சுற்றுப்புறச் சத்தத்தை எந்தக் குழிவான ஓடும் எதிரொலித்துக் காட்டும். வெறும் சொம்பைக் காதில் வைத்தாலும் இரையும்.

நடுத்தண்டு தரும் இன்னொரு உறுதியான அடையாளம் ஆப்பிரிக்கப் பெருநத்தையில். அதன் தண்டு அடிமுனையில் சட்டென்று வெட்டுப்பட்டதுபோல நின்றுவிடும், உதட்டோடு இழைந்து சேராது. குட்டியிலும் இது தெரியும். 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த இந்த நத்தை இன்று பயிருக்குப் பெரிய தொல்லை. உள்ளூர் நத்தையைத் தவறாகக் கொல்லாமலிருக்க இந்த வெட்டைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தண்டின் அடியில் குழி இருந்தால் அது தொப்புள். சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டாமல் வளர்ந்ததால் அச்சில் மிஞ்சிய வெற்றிடம். நிலா நத்தைகளைப் பிரிக்கத் தொப்புள் திறந்ததா, பூச்சு மூடியதா, உள்ளே மேடு உண்டா என்று மூன்றையும் குறியுங்கள்.

படி 8: பற்கள்

பெரிய விளக்கம் தேவையில்லை. உதட்டுப் பல் கடிக்க அல்ல. உணவைச் சுரண்டுவது உள்ளே இருக்கும் அரநாக்கு. வாயைக் குறுக்கி, நண்டும் வண்டும் நுழையாமல் தடுப்பதே உதட்டுப் பல்லின் வேலை. எண்ணும்போது வெளி உதட்டையும் உள் உதட்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். ராமேசுவரம் பாறைகளில் கிடைக்கும் நெரிட்டா ஆல்பிசில்லாவுக்கு உள் உதடு தட்டையான மேடை, அதில் பற்களோடு பொடிப்பொடிக் கொப்புளங்களும் உண்டு. நில நத்தைகளில் ஹட்டோனெல்லா பைகலர் என்ற சிறிய ஊனுண்ணியின் வாய்க்குள்ளும் பல் உண்டு. ஓடே 5 முதல் 7 மி.மீ.தான் இருக்கும், வெறும் கண்ணால் தேடாதீர்கள்.

படி 9: மூடி

மூடி கிடைத்தால் அதை ஓட்டோடு சேர்த்தே வையுங்கள். பிரிந்துபோன மூடியால் பயன் பாதி. பஞ்சை வாய்க்குள் திணித்து, மூடியை அது இருந்த பக்கமாகவே வைத்து, ஒரு சொட்டுப் பசையால் பஞ்சில் ஒட்டுங்கள், ஓட்டில் ஒட்டாதீர்கள்.

கல்லா, நகம்போன்ற கொம்புப்பொருளா என்பது முதல் கேள்வி. டர்போவுக்குத் தடித்த சுண்ணாம்பு மூடி. பூனைக்கண் என்று மோதிரத்தில் பதிப்பது இதுதான். அதை ஒத்த உருவம் கொண்ட ட்ரோக்கஸுக்கு மெல்லிய, வட்டமான கொம்பு மூடி. நிலா நத்தைகளில் நேட்டிகாவுக்குச் சுண்ணாம்பு, பொலினிசஸுக்குக் கொம்பு. வயல் நத்தை பைலாவுக்குச் சுண்ணாம்பு மூடி. வயல் வற்றினால் சேற்றுக்குள் இறங்கி அதை இறுக அடைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். மீன் தொட்டிக் கடையில் விற்கும் மஞ்சள் ஆப்பிள் நத்தை பொமேசியா பார்க்க அதன் உடன்பிறப்புபோல இருக்கும், ஆனால் மூடி கொம்பு. நெல்லை அழிக்கும் அந்நிய இனமா, நம் ஊர் நத்தையா என்று வயலிலேயே நின்று சொல்ல இந்த ஒரு சோதனை போதும்.

நெரிட்டாவின் சுண்ணாம்பு மூடியைத் திருப்பினால் உள்பக்கம் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அது உள் உதட்டின் அடியில் தாழ்ப்பாளாக மாட்டிக்கொள்ளும். வெயிலில் பாறை கொதித்தாலும் உள்ளே ஈரம் காயாது. ஐவிரல் சங்கின் மூடி வாயை அடைக்கவே போதாது. வளைந்து, ரம்பப் பல் வைத்த அந்தத் தகட்டை மணலில் குத்தி நத்தை தாவி நகரும். பெரிய வயதான சோழிக்கும், மெலோ என்ற பெரிய கிண்ணச் சங்குக்கும் மூடி கிடையாது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சங்கின் மூடியைக் கடற்கரை வணிகத்தில் நகம் என்பார்கள். ஊதுவத்தி, தூபப் பொருட்களில் சேர்கிறது.

நில நத்தையின் வாயில் வெள்ளையாகக் காய்ந்த சவ்வு இருந்தால் அது மூடி இல்லை. கோடையில் தற்காலிகமாகப் பூசிக்கொண்ட சளிப்படலம். மழை வந்ததும் உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

படி 10: அளப்பது

மணல் தட்டில் அச்சு செங்குத்தாக நிற்கும்படி ஓட்டைக் குத்துங்கள். நான்கு அளவுகள் போதும்: நுனியிலிருந்து குழாய் முனைவரை மொத்த உயரம், முள்ளைத் தவிர்த்த அதிகபட்ச அகலம், வாயின் உயரம், வாயின் அகலம். ஒவ்வொன்றையும் மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். வாயின் உயரத்தை மொத்த உயரத்தால் வகுத்து ஒரு விகிதம் எழுதுங்கள். 48 மி.மீ. ஓட்டில் 30 மி.மீ. வாய் என்றால் 0.625. அளவு மாறினாலும் விகிதம் அவ்வளவாக மாறாது என்பதால் வேறு வேறு அளவு ஓடுகளை ஒப்பிடலாம். ஆனால் குட்டியையும் பெரியதையும் ஒரே பட்டியலில் போட்டால் கணக்கு கெடும்.

அச்சு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதே அடிக்கடி நேரும் தவறு. வாயின் அகலம் ஒவ்வொரு முறையும் வேறாக வந்தால் கையைக் குறை சொல்லாமல் சாய்வைப் பாருங்கள். படம் எடுப்பதற்கும் அதே நிலைதான்: கறுப்புத் துணி, பக்கத்தில் அளவுகோல், லென்ஸ் நேர் எதிரே, வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து.

நத்தை இல்லாத மற்றவை

சிப்பிக்கும் மட்டிக்கும் வாய் என்று ஒன்று இல்லை. இரண்டு ஓடுகளும் மூடினாலும் ஒட்டாத இடைவெளிதான் அங்கே படிக்க வேண்டியது. இரண்டு ஓடுகளையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். கத்திமட்டியில் இரண்டு முனையும் திறந்தே இருக்கும். ஒன்று புதைக்கும் காலுக்கு, ஒன்று நீர்க்குழல்களுக்கு. முத்துச்சிப்பியில் காதின் கீழே உள்ள வெட்டு, பாறையைப் பற்றும் நார்க்கற்றை வெளியேறும் வழி. யானைத் தந்த வடிவில் இருக்கும் தந்த ஓடு இரு முனையும் திறந்தது: அகன்ற முனையில் தலையும் காலும் மணலுக்குள், மெலிந்த முனை நீருக்குள்.

நாட்டிலஸின் வாயில் அடிப்பக்கம் ஒரு வளைவு உண்டு. நீரைப் பீய்ச்சி நீந்தும் புனல் அங்கே இருக்கிறது. முதிர்ந்த நாட்டிலஸ் என்றால் வாயின் விளிம்பில் கறுத்த தடிப்பு வளையம் தெரியும். நெடுக அறுத்த ஓட்டில் கடைசி அறைச் சுவர்கள் நெருங்கி நிற்கும். பாறையில் ஒட்டி வாழும் கைட்டானுக்கு எட்டுத் தகடுகள், ஓட்டில் வாய்த் திறப்பே இல்லை.

வைப்பது

மர அலமாரியும் அட்டைப்பெட்டியும் ஓட்டுக்கு எதிரி. ஈரக் காற்றில் மரத்திலிருந்தும் மலிவான அட்டையிலிருந்தும் அமில ஆவி கசிந்து ஓட்டை அரிக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். பளபளப்பு மங்கி, மாவு பூத்ததுபோல வெள்ளைப் படிவம் வந்தால் பூஞ்சை என்று எண்ணி எண்ணெய் தடவாதீர்கள். நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, நிழலில் முழுவதும் உலர்த்தி, பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். அரித்துப்போன மேற்பரப்பு திரும்பாது, அதற்கு மேல் பரவாமல் நிறுத்தலாம். சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள்: எடுத்த இடம், தேதி, மணலா பாறையா சேறா, உயிரோடு கண்டதா காலியாகவா, மூடி உண்டா. இடமும் தேதியும் இல்லாத ஓடு எவ்வளவு முழுசாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது. உதடு உடைந்த ஓடு சீட்டோடு இருந்தால் உதவும்.